ஆறு கிலோமீட்டர் பாக்கி

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று தெரியவில்லை. அப்பாவின் பழைய சிநேகிதராக இருக்க வேண்டும். அப்பளத்தைச் சோற்றில் நொறுக்கிக்கொண்டே, "நீங்கதான பிரான்சுல அந்த மலை உச்சி வரைக்கும் சைக்கிள்ல ஏறுனது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், வாயில் சோறு இருக்கிற சௌகரியத்தில் சிரிக்கிற சிரிப்பு. அதற்குள் பாயசம் வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது. ராத்திரி மட்டும் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த மலை உச்சிக்கு நான் போனதே இல்லை. ஆறு கிலோமீட்டர் பாக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான்.

மலையின் பெயர் மோன் வாந்தூ. பெயரை முதலில் கேட்டபோது அம்மா, "என்னது, வாந்தியா?" என்றாள். ஏறுகிறவர்களைக் கேட்டால் அதுவும் பொருத்தமான பெயர்தான் என்பார்கள். சைக்கிள் பைத்தியம் உள்ளவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: தென் பிரான்சில், ப்ரோவான்ஸ் சமவெளியில் பக்கத்தில் துணைக்கு வேறு பெரிய மலை எதுவும் இல்லாமல் 1,910 மீட்டருக்குத் தனியாக எழுந்து நிற்கும், தலை வெளுத்த மலை. தூரத்திலிருந்து பார்த்தால் கோடையிலும் பனி மூடியது மாதிரி இருக்கும். பனி இல்லை, வெறும் சுண்ணாம்புக்கல் ஜல்லி.

நான் லியோனில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாதக் கடைசியில், வியாழக்கிழமை விடுமுறை வந்தது. நடுவில் வரும் வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டு ஞாயிறோடு இணைப்பதை பிரெஞ்சுக்காரர்கள் 'பாலம் கட்டுவது' என்பார்கள். நானும் பாலம் கட்டினேன். சைக்கிளோடு உள்ளூர் ரயிலில் அவிஞோன், அங்கிருந்து இன்னொரு ரயிலில் கார்பொந்த்ரா, அப்புறம் மிதித்தே பெத்வான். திட்டம் எளிமையானது. வெள்ளிக்கிழமை வாந்தூ. சனிக்கிழமை காலை இளைப்பாற நெஸ்க் ஆற்றின் மலையிடுக்கு வழியாக ஒரு சுற்று. ஞாயிறு திரும்பல். நெஸ்க் என்பது என் திட்டத்தில் ஊறுகாய் மாதிரி. இலையில் ஓரமாக இருந்தால் போதும்.

பெத்வானிலிருந்து

பெத்வானிலிருந்து உச்சி வரை 21 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் சுமார் 1,600 மீட்டர். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் ஆளை ஏமாற்றும். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுநடுவே செர்ரி மரங்கள். மே கடைசி என்பதால் செர்ரி பழுத்திருந்தது. சாலையோரம் ஒரு மேஜையில் பழக்கூடையும் காசு போட ஒரு டப்பாவும் வைத்துவிட்டு ஆள் எங்கோ போயிருந்தார். ஒரு கூடை வாங்கி, சட்டையின் முதுகுப் பைக்குள் கொட்டிக்கொண்டேன். முட்டாள்தனம். பத்து கிலோமீட்டர் கழித்து முதுகெல்லாம் சிவப்புச் சாறு வழிந்து, பின்னால் வந்த ஒருவர் எனக்கு அடிபட்டிருக்கிறது என்று பதறிப்போய் விசாரித்தார்.

சேன்-எஸ்தெவ் வளைவு என்று ஒன்று வரும். இடப்பக்கம் திரும்புகிற அந்த வளைவோடு தமாஷ் முடிந்தது. அதற்கப்புறம் ஒன்பது பத்து கிலோமீட்டர் காடு. சராசரி ஒன்பது சதவீத ஏற்றம், மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சமதளம் கிடையாது. என் சைக்கிளில் முன்னால் சின்னச் சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 32 பல். அதாவது மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டேகால் மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டர். அதற்குக் கீழே கியர் இல்லை. வண்டி கேட்கிற மிதியை மிதித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கால் ஊன்ற வேண்டும். ஓரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட கிலோமீட்டர் கற்கள் அடுத்த கிலோமீட்டரின் சராசரி ஏற்றத்தைச் சொல்லிக்கொண்டே வரும். யார் கேட்டார்கள்? ஒவ்வொரு கல்லும் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பது மாதிரிதான்.

இந்தக் காடு தானாக முளைத்தது இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியும் ஆடு மேய்த்தும் மொட்டையாக்கப்பட்ட சரிவில், 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் திரும்ப நட்டு வளர்த்தது. கருவாலி, பைன், அல்ஜீரியாவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த தேவதாரு. அன்றைக்கு எனக்கு இந்த மரங்கள் செய்த ஒரே காரியம், மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மறைத்ததுதான். கீழே ஊரில் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. அந்த நீலத்தைப் பார்த்தே உள்ளூர்க்காரர்கள் தெரிந்துகொள்வார்களாம். எனக்கு அப்போது தெரியாது.

காடு முடிகிற இடத்தில், 1,417 மீட்டரில், ஷாலே ரெனார் என்று ஒரு உணவு விடுதி. அங்கே சாலை வெட்டவெளிக்கு வருகிறது. கடைசி ஆறு கிலோமீட்டர் வெள்ளைக் கல் மட்டும்தான், உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோபுரம். காட்டை விட்டு வெளியே வந்ததும் யாரோ ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பியது மாதிரி இருந்தது. மிஸ்ட்ரால்.

மிஸ்ட்ரால் என்பது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. ஆல்ப்ஸ் ஒரு பக்கம், மத்திய மலைத்திட்டு மறுபக்கம், நடுவில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு குழாய் மாதிரி தெற்கே இறங்குகிறது. மேற்கே அட்லாண்டிக் பக்கம் காற்றழுத்தம் கூடி, கிழக்கே ஜெனோவா வளைகுடாவில் குறைந்தால், காற்று அந்தக் குழாய்க்குள் புகுந்து நெருக்கிக்கொண்டு வேகம் எடுக்கும். இந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் வடக்குச் சுவரில் ஜன்னல் இருக்காது. தோட்டங்களின் ஓரத்தில் சைப்ரஸ் மரங்களை வேலி மாதிரி வரிசையாக நட்டிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்றும் இதே கதைதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

விடுதியின் சுவருக்குப் பக்கத்தில் ஏழெட்டு சைக்கிள்கள் படுத்துக் கிடந்தன. சாத்தி வைத்தால் நிற்காது. உச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார். வயது அறுபது இருக்கும். என்னைப் பார்த்து, வண்டியைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா, ஜாக்கெட் போட வேண்டும் என்றார். ஒரு கையால் பிடித்தேன். பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு பட்டம் மாதிரி திரும்பியது. இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் ஜாக்கெட்டின் ஒரு கைக்குள் கையை விட்டார். மறு கை உப்பிக்கொண்டு அவர் முகத்திலேயே அறைந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முயற்சியில்தான் மாட்டினார். மேலே எப்படி என்று கேட்டேன். ஒரு வளைவில் முகத்தில் அடிக்கிறது, அடுத்த வளைவில் பக்கவாட்டில் அடித்து ஆளை எதிர்ப்பாதைக்குத் தள்ளுகிறது என்றார். பெத்வானிலேயே குடியிருப்பவராம். "இந்த வருஷத்தில் இது நாலாவது தடவை. எப்படியும் சாப்பாட்டு நேரம் வந்தாச்சு," என்று சொல்லிவிட்டு, எதையோ கடையில் மறந்து வைத்தவர் திரும்பிப் போகிற மாதிரி சாதாரணமாகக் கீழே இறங்கிப் போனார்.

நான் அந்தச் சுவருக்குப் பின்னால் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நசுங்கிய செர்ரியைத் தின்றேன். இரண்டு இளைஞர்கள் என்னைக் கடந்து மேலே போனார்கள். ஒருவன் இருநூறு மீட்டரில் இறங்கி நடக்க ஆரம்பித்தான், இன்னொருவன் வளைவில் மறைந்தான். அவன் போய்ச் சேர்ந்தானா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் கீழே டாம் சிம்ப்சனின் நினைவுக்கல் இருக்கிறது. 1967 ஜூலை 13 அன்று டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், வெயிலும் போதை மருந்தும் சேர்ந்து 29 வயதில் அந்தச் சரிவில் விழுந்து இறந்தவர். போகிறவர்கள் அங்கே தண்ணீர் பாட்டிலோ தொப்பியோ வைத்துவிட்டுப் போவார்கள். நானும் வைக்க ஒரு பழைய தொப்பி கொண்டு வந்திருந்தேன். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

இதற்கு என்னிடம் நல்ல சாக்கு ஒன்று இருக்கிறது. 2016 ஜூலை 14 அன்று டூர் பந்தயமே உச்சி வரை போகவில்லை. மேலே காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்ததால், முடிவுக்கோட்டை ஷாலே ரெனாருக்கே இறக்கிவிட்டார்கள். கூட்டம் நெருக்கி, முன்னால் போன மோட்டார் சைக்கிள் நிற்க, பின்னால் வந்தவர்கள் மோத, சைக்கிள் உடைந்த கிறிஸ் ஃப்ரூம் வெறுங்கையோடு மலையில் ஓடினாரே, அதே நாள். அன்று ஜெயித்த தோமஸ் டெ கெண்ட் வாந்தூவில் ஜெயித்தவர் என்றுதான் எழுதப்படுகிறார். ஆறு கிலோமீட்டர் பாக்கி என்று யாரும் அவரைக் கழிப்பதில்லை. ஆபீசில் கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லித் தப்பித்தேன். சொல்லாமல் விட்டது ஒருவரிடம் மட்டும்.

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். பெத்வானில் ஒரு பிளாத்தான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். "எய்யா, உச்சிக்கு ஏறிட்டியா?" என்றார். "ஏறிட்டேம்பா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெருமைக்காக இல்லை என்று நினைக்கிறேன். போனில் லைன் விட்டு விட்டு வந்தது, விளக்கிச் சொல்ல நீளமான கதை, அவர் கேட்டதோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஆனால் இதெல்லாம் அப்புறம் தேடிக் கண்டுபிடித்த காரணங்கள். விசித்திரம் என்னவென்றால், உலகத்தில் யாரிடமாவது காற்றுக்காகத் திரும்பினேன் என்று கூச்சமில்லாமல் சொல்லலாம் என்றால் அது அப்பாவிடம்தான். இருபத்தாறு வருஷம் பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிக்கு ஹெர்குலஸ் சைக்கிளில் போய் மரக்கடையில் கணக்கு எழுதியவர். ஆனி ஆடியில் காலையில் மேற்கே போகும்போது பத்து கிலோமீட்டரும் எதிர்க்காற்று. சாயங்காலம் திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம், வேட்டி பாய் மாதிரி உப்பிக்கொண்டு வண்டி தானாக வீடு வந்து சேரும் என்பார். அவருக்கே காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவரிடம் போய் அந்தப் பொய்.

தொண்டைக்குள் ஒரு சாலை

மிஸ்ட்ரால் அடிக்க ஆரம்பித்தால் மூன்று நாள், ஆறு நாள், ஒன்பது நாள் என்று மூன்றின் மடங்கில்தான் அடிக்கும் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் ஒரு இலை அசையவில்லை.

பெத்வானிலிருந்து ஃப்ளாஸான் வழியாக வில்-சுர்-ஓஸோன். மலையின் அடிவாரத்தை ஒட்டி மேடும் பள்ளமுமாகப் போகிற சின்னச் சாலை. திராட்சை, செர்ரி, செம்மண், இடையிடையே காவிக்கல் தெரிகிற மேடு. தண்ணீர் தீர்ந்திருந்தது. வழியில் ஒரு ஊரில் காப்பிக்கடை மூடியிருந்தது, ரொட்டிக்கடையும் மூடியிருந்தது. பிரான்சில் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் எப்போதும் குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக. இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பச்சைப் பூவாளிகள் மாட்டியிருந்த குழாயில் இரண்டு பாட்டிலையும் நிரப்பினேன். அம்மாவிடம் இதை மட்டும் நான் சொல்லவே இல்லை. அந்தப் பொய்யைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

வில்-சுர்-ஓஸோனைத் தாண்டியதும் டி942 சாலை நெஸ்க் ஆற்றின் இடுக்குக்குள் நுழைகிறது. இடுக்கு என்று எழுதுகிறேன், மனசுக்குத் திருப்தியாக இல்லை. பிரெஞ்சில் இதற்கு 'கோர்ஜ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தொண்டை என்றும் பொருள். மலைக்கணவாய்க்கு அவர்கள் சொல்லும் 'கோல்' என்பது சட்டைக் காலருக்கும் பெயர், மூலத்தில் கழுத்து. மலையை ஒரு உடம்பாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். கழுத்தில் ஏறுகிறவர்களுக்குப் படம், பட்டம், உயரம் எழுதிய பலகை எல்லாம் உண்டு. தொண்டைக்குள் போகிறவனுக்கு ஒன்றும் கிடையாது.

அந்த இருபது கிலோமீட்டரில் ஏற்றம் 400 மீட்டர் சொச்சம்தான். இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. மிதிக்கிறவனுக்கு ஏற்றம் என்றே தெரியாது, ஆனால் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மணிக்குப் பதினைந்து பதினாறு கிலோமீட்டர் வேகம். மூச்சு வாங்காது, பேசலாம், பாடலாம், முக்கியமாகத் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். சாலை ஆற்றோடு போகவில்லை. பாறையின் தோளில் மிக உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆறு எங்கோ கீழே, கருவாலி மரங்களுக்கு அடியில். பல இடங்களில் தண்ணீரே தெரியாது, கோடையில் இருக்கவும் இருக்காது. இந்தச் சுண்ணாம்புக்கல் பூமியில் பெய்கிற மழையில் பெரும்பகுதி வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி, பல கிலோமீட்டர் தள்ளி ஃபோன்தேன்-த-வோக்ளூஸ் என்ற ஊரில் பிரான்சின் மிகப்பெரிய ஊற்றாகப் பொங்கி வெளியே வருகிறது. மேலே காய்ந்த தொண்டை, அடியில் ஓடுகிற தண்ணீர்.

ஸோ ஊருக்கு அவசரமாகப் போகிறவர்களுக்கு வேறு நேர்வழி இருப்பதால் இங்கே கார் மிகக் குறைவு. அரை மணி நேரம் என் செயின் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை. நாளாக நாளாகச் செயின் ஓடுகிற சத்தத்திலேயே எண்ணெய் போட வேண்டிய நாள் தெரிந்துவிடும். இங்கே அது பாறையில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது, பின்னால் யாரோ வருகிற மாதிரி. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பாறையைக் குடைந்த சின்னச் சுரங்கங்கள் வரும். உள்ளே நுழைந்தால் ஒரு விநாடி கண் தெரியாது, கை சில்லிடும், ஈர மண் வாசனை. வெளியே வந்தால் மஞ்சள் பூ பூத்த புதர்கள், பாறையில் மோதித் திரும்புகிற வெயில். கீழே பாறைக் குகைகளில் நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அடியில் பாறையோடு ஒட்டிக் கட்டிய மிகப் பழைய சின்னக் கோவில் ஒன்றும் இருக்கிறது, நடந்துதான் போக வேண்டும். நான் போகவில்லை. இன்னொரு பாக்கி.

காஸ்தெல்லெரா என்ற இடத்தில், 734 மீட்டரில், வண்டியை நிறுத்திப் பார்க்க ஒரு மேடை. குட்டையான கல் சுவர். எதிரே ரோஷே தூ சீர் என்ற பாறை, 872 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. பெயருக்கு மெழுகுப் பாறை என்று பொருள். மலைத்தேனீக்கள் கூடு கட்டி, தேனும் மெழுகும் வழிந்த பாறையாம். கயிற்றில் தொங்கித் தேன் எடுக்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அந்த மேடையில் ஒரு கல் நட்டு அதில் கவிதை வரிகளைப் பொறித்திருக்கிறார்கள். குனிந்து யாருடையது என்று பார்த்தேன். மிஸ்ட்ரால்.

ஒரு நிமிஷம் யாரோ என்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. ஃப்ரெதெரிக் மிஸ்ட்ரால், 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். பாரிசின் பிரெஞ்சில் எழுதாமல், பள்ளிக்கூடங்களில் பேசவே கூடாது என்று அடக்கி வைத்த தன் ஊர் ப்ரோவான்ஸ் மொழியிலேயே கவிதை எழுதி, அந்த மொழிக்குப் பெரிய அகராதியும் போட்டவர். அவருடைய நெடுங்கவிதை ஒன்றில் இந்தப் பாறை வருகிறது. முதல் நாள் ஒரு மிஸ்ட்ரால் என்னைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இன்னொரு மிஸ்ட்ரால் உட்கார் என்று சொன்னார். உட்கார்ந்தேன். சைக்கிளைச் சுவரில் சாத்தினேன், இன்றைக்கு அது நின்றது. அங்கே வந்த ஒரு தம்பதியிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை.

26 கிலோமீட்டர்

அங்கிருந்து மோனியூ, அப்புறம் ஸோ. ஸோ மேட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். புதன்கிழமைச் சந்தை 1515 முதல் நடக்கிறது. சுற்றிலும் லாவண்டர் வயல்கள். பூப்பது ஜூலையில்தான், மே மாதத்தில் வெறும் சாம்பல் பச்சை உருண்டைகள் வரிசை வரிசையாக. பாதாம் போட்ட நூகா ஒரு துண்டு வாங்கித் தின்றேன். ஊர்க்கோடியில் பலகை நின்றது: மோன் வாந்தூ, 26.

பெத்வான் வழிதான் முரட்டு வழி. ஸோவிலிருந்து போகிற வழி சாது. இருபது கிலோமீட்டர் மெதுவாக ஏறி அதே ஷாலே ரெனாரில் போய்ச் சேரும், அங்கிருந்து அதே ஆறு கிலோமீட்டர். மணி ஒன்றரை. ஜூன் நெருங்குகிறது, ஒன்பது மணி வரை வெளிச்சம். காற்று இல்லை. கால் வலி இல்லை. மேலே வெள்ளைத் தலையும் கோபுரமும் துல்லியமாகத் தெரிந்தன. மூன்று மணி நேரத்தில், முந்தின நாள் அப்பாவிடம் சொன்ன பொய்யை நிஜமாக்கிவிடலாம். ஒரே ஒரு நாள் தேதிதான் இடிக்கும். அதை யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பலகைக்குக் கீழே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பத்து நிமிஷம் இருக்கலாம். இரண்டு பேர் மேலே போகிற வழியில் என்னைத் தாண்டினார்கள், 'போன்ஜூர்' சொன்னார்கள். ஏறினால் எதற்காக ஏறுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். மலைக்காகத் தோன்றவில்லை. முந்தின நாள் போனில் சொன்ன ஒரு வார்த்தைக்கு ரசீது வாங்கத்தான் போகிறேன் என்று தோன்றியது. அதே நேரத்தில், இப்படியெல்லாம் யோசிப்பதே சோம்பேறித்தனத்துக்குப் போடுகிற பட்டுச்சட்டையோ என்றும் தோன்றியது. இரண்டில் எது உண்மை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வண்டியைத் திருப்பினேன். வந்த வழியே, நெஸ்க் வழியாகவே இறங்கினேன்.

இறக்கத்தில் ஒன்றையுமே பார்க்கவில்லை. மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், கண் சாலையை விட்டு நகரவில்லை. இந்த வளைவில் ஜல்லி கிடக்கிறதா, அந்தச் சுரங்கத்தில் கார் வருகிறதா, பிரேக்கில் இரண்டு விரல். தேன்பாறை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம் போன வழி அரை மணி சொச்சத்தில் முடிந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மலையிடுக்குச் சாலையை ஆற்றை எதிர்த்துத்தான் மிதிக்க வேண்டும். ஆர்தேஷ், தார்ன், வெர்தோன் எங்கே போனாலும் நண்பர்களோடு இதற்காகச் சண்டை போடுகிறேன். அவர்கள் இறக்கத்தில் போனால் வேகம் என்பார்கள். வேகமாகப் போவதற்கு நெடுஞ்சாலை இருக்கிறதே.

திரும்பி லியோனுக்கு வந்தபின் இன்னொன்றும் கவனித்தேன். 'வாந்தூ ஏறினாயா?' என்று கேட்காத ஆள் இல்லை. நெஸ்க் எப்படி இருந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. உச்சி என்று ஒன்று இருந்தால்தான் ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால்தான் பொய்க்கும் இடம் வரும். மலையிடுக்கைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டும் என்றாலும் எங்கே ஆரம்பிப்பது?

இந்த விஷயத்தில் நான் முதல் ஆளும் இல்லை. வாந்தூவில் ஏறினேன் என்று சொன்னவர்களில் மிகப் பிரபலமானவர் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க். 1336 ஏப்ரல் 26 அன்று தம்பியோடு ஏறியதாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வழியில் ஒரு கிழ இடையர் போகாதே என்று தடுத்தாராம். தம்பி நேராக ஏறினானாம், இவர் சுலபமான வழி தேடிச் சுற்றிச் சுற்றிக் கீழேயே போனாராம். அருமையான கடிதம். ஆனால் அது அந்தத் தேதிக்குப் பல வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதியது என்றும், உண்மையில் அப்படி ஏறினாரா என்பதே சந்தேகம் என்றும் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அவரும் ஃபோன்தேன்-த-வோக்ளூஸில்தான் பல வருஷம் குடியிருந்தார், அந்த ஊற்றின் கரையில். இதைப் படித்த அன்று எனக்கு என்ன நிம்மதி என்று சொல்லி மாளாது.

அந்த நிம்மதி கல்யாணப் பந்தி வரைக்கும்தான் தாங்கியது. மறுநாள் விடியற்காலையில் மாடியில் அப்பா தனியாக உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். நானும் ஒரு டம்ளரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, பிரான்சுல அந்த மலை இருக்குல்லா. நான் உச்சிக்குப் போகல."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தார். "எவ்வளவு பாக்கி?"

"ஆறு கிலோமீட்டர்."

"காத்தா?"

நான் காற்றைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆமாப்பா."

"எதிர்க்காத்தா, பக்கக்காத்தா?"

"ரெண்டும். வளைவுக்கு வளைவு மாறுது."

"பக்கக்காத்துன்னா எறங்கிரணும்," என்றார். "எதிர்க்காத்துகூட மல்லுக்கட்டலாம், ஒண்ணும் செய்யாது. பக்கக்காத்துல லாரி தாண்டும்போது காத்து மறைஞ்சு திரும்ப அடிக்கும் பாரு, அதுல போனவன் எத்தன பேரு." கொஞ்ச நேரம் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மறுநாள்?" என்றார்.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "மறுநாள் காத்து நின்னுட்டுப்பா."

"பின்ன?"

பின்ன என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். கல்லறைக் குழாயிலிருந்து ஆரம்பித்து, சுரங்கம், செயின் சத்தம், தேன்பாறை, மிஸ்ட்ரால் கல், 26 என்று எழுதிய பலகை வரை. நெஸ்க்கைப் பற்றி என்னிடம் ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. காப்பி ஆறிப்போய், அம்மா கீழேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அப்பா போனை எடுத்து, கண்ணாடியை மாட்டி, விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தைக் கண்டுபிடித்தார். சைக்கிள் சுவரில் சாத்தியிருக்கிறது, பழைய தொப்பியோடு நான் நிற்கிறேன், பின்னால் அதலபாதாளம். "அப்போ இது?"

"அதுதான் அந்த ஆத்துப் பள்ளம். தேன்பாறை."

"இதத்தான உச்சின்னு நான் ஊரெல்லாம் காட்டிருக்கேன்."

"இனிமே யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பள்ளத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "ஒருத்தன் அப்பவே கேட்டான், என்ன அண்ணாச்சி உச்சிங்கிய, மேல இன்னொரு பாறை தெரியுதேன்னு. அது அடுத்த மலைடான்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டான். நீ சும்மா இரு."